கல்லுக்குள் குமிழி இருந்தால்

இரத்தினபுரியில் மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்டிய தெருக்களில் காலை வேளையில் கல் கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழகியிருக்கும். தோட்டத்துப் பையன் ஒருவன் கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கல்லைக் காட்டுவான். வாங்குகிறவர் வில்லையைக் கண்ணோடு ஒட்டிவைத்து, டோர்ச் அடித்துப் பார்ப்பார். "உள்ளுக்குக் குமிழி இருக்கு, தம்பி. இது கண்ணாடி" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுப்பார். பையனும் "சரி முதலாளி" என்று மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

அந்தத் தீர்ப்பு பல நேரம் சரியாகத்தான் இருக்கும். சில நேரம் அடியோடு பிழை. இந்த மண்ணில் கிடைக்கும் நல்ல நீலக்கல்லுக்குள்ளும் குமிழி உண்டு. அந்தக் கல் பூமிக்குள் விளைந்தது, அதற்கு யாரும் சூடுகாட்டி நிறம் ஏற்றவில்லை என்பதற்கு அந்தக் குமிழியே சாட்சி. இரண்டு குமிழிகளையும் பிரித்தறிய எவரும் கற்றுக்கொள்ளலாம். பார்த்ததைப் போனில் படமாக எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சு இன்னும் பலமாகும். கல்லுக்குப் போகுமுன் கையில் இருக்கும் தேத்தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். அடிப்படை அதில்தான் இருக்கிறது.

பிளேன்டீயை உயர்த்தி ஆற்றினால் கிளாசின் ஓரத்தில் குமிழிகள் ஒதுங்கும். ஒவ்வொன்றும் காற்றைப் பொதிந்து வைத்திருக்கும் மெல்லிய நீர்ப் படலம். உள்ளேயும் காற்று, வெளியேயும் காற்று, நடுவில் படலம் மட்டும். இதைப் படலக் குமிழி என்று வைத்துக்கொள்வோம். அதே மேசையில் சோடா ஒன்றை உடைத்து இன்னொரு கிளாசில் ஊற்றுங்கள். கிளாசின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவை வேறு இனம். அவற்றுக்குப் படலம் இல்லை. நீருக்குள் வாயு பிடித்துக்கொண்ட பொந்துகள் அவை. இவற்றை உட்குமிழி என்போம். படம் எடுக்கிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என் முன்னால் இருப்பது எந்த இனம் என்பதே. படலக் குமிழி தன்மேல் விழும் ஒளியைத் தெறிக்கச் செய்கிறது. அதற்கு இருண்ட பின்னணியும் பக்கத்து வெளிச்சமும் வேண்டும். உட்குமிழி தன் வழியே வரும் ஒளியை முறித்து விலக்குகிறது; அதற்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும். இதை மாற்றிச் செய்தால் எவ்வளவு விலையுயர்ந்த கெமராவும் உதவாது.

சவர்க்காரக் குமிழி விட நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பப்பாளி இலைக் காம்பு ஒன்று போதும். காட்டாமணக்குக் கிளையைக் கிள்ளி, வடியும் பாலைப் புல் வளையத்தில் தொட்டு ஊதுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குமிழியைத் திறந்த வானத்துக்கு எதிரே பிடித்து எடுத்தால் படத்தில் ஒன்றும் இருக்காது. வானத்தின் வெளிச்சம் படலத்தின் மெல்லிய தெறிப்பை விழுங்கிவிடும். லயத்துக் காம்பராவின் கதவைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் இருட்டைப் பின்னணியாக்கி, வாசற்படியில் வைத்துக் குமிழியை ஊதச் சொல்லுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி காயட்டும். வேட்டியின் வெளிச்சம் படலத்தில் விழுந்ததும் நிறங்கள் எழும்பி வரும்.

அப்படி எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். எதிரே இருக்கும் வெளிச்சமான வானமும் மரமும் ஒரே குமிழியில் இரண்டு தடவை தெரியும். ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. குமிழியின் முன்பக்கம் நமக்குக் குவிவாடி. அதில் காட்சி நேராக நிற்கிறது. பின்பக்கத்தை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம், ஆகவே அது குழிவாடி. அதில் காட்சி கவிழ்ந்துவிடுகிறது. ஆடிகளைப் பற்றிய பாடத்தை ஒரே படத்தில் நடத்தி முடித்துவிடலாம்.

நிறங்களுக்கு எந்தச் சாயமும் காரணம் இல்லை. படலத்தின் முன்முகத்தில் தெறிக்கும் ஒளியும் பின்முகத்தில் தெறிக்கும் ஒளியும் ஒன்றோடொன்று தலையிட்டு, சில நிறங்களைக் கூட்டியும் சில நிறங்களை அழித்தும் விடுகின்றன. எந்த நிறம் தங்கும் என்பதைப் படலத்தின் தடிப்பு முடிவு செய்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கினால், அதில் சில கூறுதான் அந்தத் தடிப்பு. நியூட்டன் 1704 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இந்த நிறங்களை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். நீர் கீழே வடிய வடிய மேற்பகுதி மெலிந்துகொண்டே போகும். கடைசியில் உச்சியில் நிறமே இல்லாத கறுப்புப் புள்ளி ஒன்று தோன்றும். அங்கே படலம் அவ்வளவு மெல்லியது. இரண்டு தெறிப்புகளும் ஒன்றையொன்று முழுதாக அழித்துவிடுகின்றன. படம் எடுக்கிறவருக்கு அதுவே மணி. கறுப்பு தெரிந்தால் குமிழி உடையப்போகிறது. உடையும் படலம் செக்கனுக்குப் பல மீற்றர் வேகத்தில் சுருங்கி ஓடும். கைப்பந்தளவுக் குமிழிகூட ஒரு செக்கனின் சிறு பங்குக்குள் இல்லாமல் போய்விடும். பரிஸ் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்த லூசியன் புல் என்பவர் 1904 இலேயே மின்பொறி வெளிச்சத்தில், சவர்க்காரக் குமிழியைத் துப்பாக்கிக் குண்டு துளைத்துப் போவதை வரிசைப் படங்களாகப் பிடித்தார். நமக்கு அந்த ஏற்பாடு வேண்டாம். போனில் இருக்கும் மெதுவோட்ட வீடியோவே உடைதலின் ஒரு கணத்தையாவது பிடித்துத் தரும்.

நுரைக்கும் சட்டம் உண்டு. மூன்று படலங்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு கோணமும் 120 பாகை. தேத்தண்ணீர் நுரையை நேர்மேலிருந்து எடுத்த படத்தில் இதை எவரும் அளந்து பார்க்கலாம். பெல்ஜியத்து ஜோசப் பிளேட்டோ 1873 இல் இதை நூலாக வெளியிட்டபோது அவருக்குப் பார்வை போய் முப்பது வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டாரும் மாணவரும் பார்த்துச் சொல்லச் சொல்ல ஆராய்ந்தவர் அவர். சுழலும் தட்டில் படங்களை அசைய வைத்து, சினிமாவுக்கு வழி திறந்தவர்களில் ஒருவரும் அவரே. குமிழியைப் பற்றியும் படத்தைப் பற்றியும் பேசும்போது அந்த மனிதரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி உட்குமிழி. சோடாக் கிளாசை யன்னலுக்கு எதிரே பிடியுங்கள். ஒவ்வொரு குமிழியும் நடுவில் வெளிச்சப் புள்ளியோடும் சுற்றிலும் தடித்த கறுப்பு வளையத்தோடும் நிற்கும். குமிழியின் நடுவில் பட்ட ஒளி நேராகக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. ஓரத்தில் சாய்வாகப் பட்ட ஒளி உள்ளே போக முடியாமல் முழு உட்தெறிப்பு அடைந்து வேறு பக்கம் போய்விடுகிறது. இந்தத் தெறிப்பு தொடங்கும் கோண எல்லை நீரிலிருந்து காற்றுக்கு சுமார் 49 பாகை. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு சுமார் 42. நீலக்கல்லின் முறிவுச் சுட்டி 1.76, 1.77 என்ற அளவு. அதனால் அங்கே எல்லை 35 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எல்லை குறையக் குறையக் கறுப்பு வளையம் தடிக்கும். கல்லுக்குள் இருக்கும் வாயு அவ்வளவு அழுத்தமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

பின்வெளிச்சத்தில் குமிழி பார்க்கும் வேலை கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் நூறு வருடப் பழக்கம். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் ஷீட் தரம் பிரிக்கிறவர்கள் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள். தேன் நிறத் தாளுக்குள் குண்டூசித் தலையளவில் குமிழிகள் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் விட்டுவிடுவார்கள். கூட்டமாக இருந்தால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். அந்தக் குமிழிகள் வெறும் அழுக்கு இல்லை. அந்தப் பாலுக்கு என்ன நடந்தது என்பதன் பதிவு. வெட்டிய பால் தாமதமாக வந்து வாளியில் புளிக்கத் தொடங்கினால் வாயு வரும். சிரட்டையும் வாளியும் சுத்தமில்லாவிட்டாலும் வரும். தட்டில் ஊற்றிய பிறகு மேல்நுரையை வழித்து எடுக்காவிட்டால் அது அப்படியே உறைந்துபோகும். புகைக்கூடத்தில் சூடு மிஞ்சினால் தாள் கொப்பளிக்கும். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தத் தாளில் பழகலாம். அது அசையாது, உடையாது, வெளிச்சத்தைப் பதமாக்கிக் கொடுக்கும்.

இப்போது கல்லுக்கு வருவோம். போலிக் கண்ணாடியிலிருந்து தொடங்குவது சுலபம். உருகிய கண்ணாடிக்குள் அகப்பட்ட காற்று உருண்டையாகவே உறையும். கண்ணாடி அசைந்துகொண்டிருக்கும்போது உறைந்தால் நீள்வட்டமாக இழுபடும். அப்படி ஒரு குமிழி, தனியாக, கறுப்பு வளையத்தோடு, பக்கத்தில் சுழி சுழியான கோடுகளோடு தெரிந்தால் முதலாளி சொன்னது சரி.

அடுத்தது உலையில் செய்த செயற்கைக் குருந்தம். பிரான்சின் ஒகுஸ்ட் வேர்னுயி 1902 இல் அறிவித்த முறை அது. அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைச் சுவாலை வழியே சொரிந்து, 2,000 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உருக்கி, துளித்துளியாகத் தண்டாக வளர்ப்பார்கள். இரசாயன அமைப்பில் அதுவும் நீலக்கல்லே, சிவப்புக்கல்லே. கடினமும் ஒன்றே, கீறிப் பார்த்துப் பயனில்லை. அதற்குள்ளும் வாயு அகப்படும். பொடிப்பொடியாக, சில இடங்களில் வாற்பேத்தை வடிவில் வால் நீண்டு இருக்கும். கூடவே வளைந்த வளர்ச்சிக் கோடுகள் ஓடும். பூமியில் விளைந்த நீலக்கல்லில் நிறக் கோடுகள் நேராகவும் கோணமாகவும்தான் போகும், வளைந்து போகாது. படத்தில் குமிழியோடு அந்தக் கோடுகளையும் பிடித்தால் வேறு வாதமே தேவையில்லை. 2004 அளவில் சந்தைக்கு வந்த ஈயக் கண்ணாடி நிரப்பிய சிவப்புக் கற்களையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். கல் இயற்கைதான்; ஆனால் வெடிப்புகளைக் கண்ணாடியால் அடைத்திருப்பார்கள். வெடிப்புத் தளத்தில் தட்டையாக நசுங்கிய குமிழிகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கோமேதகத்தில் பலர் தடுமாறுகிறார்கள். நம் நாட்டுக் கோமேதகத்தை வில்லையில் பார்த்தால் உள்ளே பாணி கலங்கியது போன்ற அலைவும், உருண்டை உருண்டையான பொருட்களும் நிறையத் தெரியும். அவை குமிழிகள் அல்ல. வேறு கனியங்களின் பளிங்குகள், ஓரம் மழுங்கியவை. அவற்றின் முறிவுச் சுட்டி கோமேதகத்தோடு அவ்வளவு தூரம் விலகாததால், ஓரக்கோடு மெல்லியதாகவே இருக்கும். உட்குமிழிக்குரிய தடித்த கறுப்பு வளையம் வராது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருந்தாலே நல்ல கோமேதகம் எத்தனையோ திரும்பிப் போகாமல் தப்பும்.

இனி இயற்கை நீலக்கல்லின் குமிழி. நம் மலைகளின் அடிப்பாறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகுந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறியது. அந்த ஆழத்தில் குருந்தப் பளிங்கு வளர்ந்தபோது பக்கத்திலிருந்த பாய்மத்தையும் தனக்குள் மூடிக்கொண்டது. இலங்கை நீலக்கற்களில் அந்தப் பாய்மம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அடைபட்ட பொந்தின் சுவர்கள் பளிங்கின் முகங்களைப் போலவே நேராகவும் கோணமாகவும் அமையும். கல்லுக்குள் கல்லின் வடிவிலேயே ஒரு வெற்றறை. கொதிக்கும் கித்துள் பாணியைப் போத்தலின் விளிம்பு வரை ஊற்றி மூடினால், ஆறிய பிறகு மேலே ஒரு விரல் இடம் காலியாகிறதல்லவா? அதுதான் இங்கேயும் நடந்தது. கல் ஆறியபோது சுவர் கொஞ்சம்தான் சுருங்கியது, உள்ளே இருந்த பாய்மம் மிகக் கூடுதலாகச் சுருங்கித் திரவமானது. மிஞ்சிய இடத்தில் வாயு நிரம்பிக் குமிழியானது. 1858 இல் இங்கிலாந்தின் ஹென்றி சோர்பி இந்தக் காரணத்தை நுணுக்குக்காட்டியால் கண்டு எழுதினார். குமிழியின் பருமனை வைத்தே பளிங்கு எந்தச் சூட்டில் விளைந்தது என்று கணக்கிடலாம் என்றும் காட்டினார்.

சாதாரண அமுக்கத்தில் காபனீரொட்சைட்டு திரவமாக இருக்காது. 20 பாகை செல்சியசில் அதைத் திரவமாக வைத்திருக்க வளிமண்டல அமுக்கத்தைப் போல் சுமார் 57 மடங்கு அமுக்கம் வேண்டும். பொட்டலத்தில் மடித்து வைத்திருக்கும் கல்லுக்குள் அவ்வளவு அமுக்கம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கசியாமல் நிற்கிறது. எஹலியகொடையிலோ இறக்குவானையிலோ இல்லம் எனப்படும் கல் படிந்த சரளையைக் கூடையில் அரித்து எடுத்த கல்லுக்குள் இது இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. சில பொந்துகளில் குமிழிக்குப் பக்கத்தில் காரீயத் தகடு ஒன்றும் ஒட்டியிருக்கும். கேகாலை மாவட்டத்து போகலைச் சுரங்கத்தின் காரீயமும் ஆழத்திலிருந்து வந்த காபனீரொட்சைட்டு நிறைந்த பாய்மங்களிலிருந்து படிந்தது என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

இந்தக் குமிழியின் விசேஷம் அதன் மறைவு. 31 பாகை செல்சியசுக்கு மேல் காபனீரொட்சைட்டில் திரவம், வாயு என்ற பிரிவே கிடையாது. விஞ்ஞானி தோமஸ் அன்ட்ரூஸ் 1869 இல் இந்த எல்லையை அளந்து அறிவித்தார். அவர் தந்த எண் 30.92. ஆகவே நீலக்கல்லைக் கையில் பொத்திப் பிடித்தால் போதும். உடம்புச் சூடு பட்டதும் குமிழி சுருங்கி இல்லாமல் போகும். அடர்த்தி குறைந்த பொந்தானால் குமிழி பெருத்துப் பொந்து முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஆறவிட்டால் கொதிப்பது போல ஒரு கலக்கம் தெரிந்து, குமிழி மீண்டும் வந்து உட்காரும்.

இரத்தினபுரியின் வெயிலை இதோடு சேர்த்துப் பாருங்கள். விடியற்காலையில் 23, 24 பாகை. நண்பகலில் 31, 32 சாதாரணம். காலையில் தெரிந்த குமிழி மத்தியானத்தில் தெரியாது. காலையில் பார்த்தவர் "கண்ணாடி" என்பார், மத்தியானத்தில் பார்த்தவர் "சுத்தமான கல்" என்பார், கல் ஒன்றேதான். கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக் குமிழி வெயிலுக்கு மறையாது. செயற்கைக் குருந்தத்தின் குமிழியும் மறையாது. நீர் அடைத்த பொந்தின் குமிழியும் இந்தச் சூட்டுக்கு அசையாது. வந்து போகும் குமிழி ஒன்றுதான் காபனீரொட்சைட்டுக்கு அடையாளம்.

சூடுகாட்டுவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு கல்லின் விலையோடு சம்பந்தப்பட்டது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் கெவுடா என்று நாம் சொல்லும் பால்படிந்த கற்களை மலிவாக வாங்கிப் போய், 1,500 பாகைக்கு மேல் சூடுகாட்டி நீலமாக்கினார்கள். பால்படிந்த தோற்றத்துக்குக் காரணமான தைத்தேனியம் கல்லுக்குள் கரைந்து, இரும்போடு சேர்ந்து நீலம் கொடுக்கிறது. இன்று இது உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட வழக்கம். சொல்லி விற்றால் குற்றமில்லை. ஆனால் சூடு காணாத கல்லுக்கு மதிப்பு மிகக் கூடுதல். அந்தச் சூட்டில் காபனீரொட்சைட்டுப் பொந்து தாங்காது. அமுக்கம் ஏறி வெடித்து, சுற்றிலும் வட்டமான வெடிப்பு ஒன்றை விட்டுவிட்டு வாயு போய்விடும். ஆகவே குமிழி உள்ள முழுப் பொந்து ஒரு கல்லில் இருந்தால், அதன் நிறம் இயற்கை. அமெரிக்காவின் ஜோன் கொய்வுலா 1986 இல் இரத்தினவியல் சஞ்சிகை ஒன்றில் இதை ஆதாரங்களோடு நிறுவினார். அதே ஆண்டில் அவரும் சுவிற்சர்லாந்தின் எட்வார்ட் கியூபெலினும் சேர்ந்து, கற்களின் உட்பொருட்களை மட்டுமே படங்களாகக் காட்டும் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். இலங்கைக் கற்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் கியூபெலின். கல்லின் குறை என்று வியாபாரம் ஒதுக்கியதை, கல்லின் பிறப்புச் சான்று என்று படம் பிடித்துக் காட்டிய பெருமை அவர்களுடையது.

அவர்களிடம் நுணுக்குக்காட்டி இருந்தது. நம்மிடம் 10 மடங்கு பெருப்பிக்கும் வில்லை இருக்கிறது. அதைப் போனின் கெமராவுக்கு முன்னால் அசையாமல் ஒட்டிவைத்தால் வேலை நடக்கும். செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

நேரம் காலை. கல்லைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், இடுக்கியால் பிடியுங்கள். விரலின் சூடே குமிழியைக் கலைத்துவிடும். பட்டை தீட்டாத கல்லானால் மேற்பரப்பின் சொரசொரப்பு உள்ளே பார்க்க விடாது. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் தெளிந்த தேங்காய் எண்ணெய் ஊற்றி, அதற்குள் கல்லை இறக்குங்கள். எண்ணெயின் முறிவுச் சுட்டி 1.45 அளவில் இருப்பதால் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கி உள்ளே கண் போகும். ஆய்வுகூடங்களில் மெதிலீன் அயடைட்டு பாவிப்பார்கள். அது நஞ்சு, வீட்டில் வேண்டாம். எண்ணெயில் கல்லை ஒரு ஓரமாகச் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழிகள் கல்லின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அவற்றை உள்ளே இருப்பதாக எண்ணிப் படம் எடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. கல்லை மெல்லத் தட்டினால் எண்ணெய்க் குமிழி மேலே போய்விடும், கல்லுக்குள் இருப்பது போகாது.

முதல் படம் பின்வெளிச்சத்தில். கிண்ணத்துக்கு அடியில் மெல்லிய வெள்ளைக் கடதாசி, அதற்கும் கீழே தூரத்தில் டோர்ச். பொந்தின் ஓரம் கறுப்பாகத் தெரியும், உள்ளே குமிழியின் வட்டம் அதைவிட மெல்லிய கோடாகத் தெரியும். இங்கே கவனியுங்கள்: வட்டத்தைச் சுற்றி இன்னொரு சுவர், கோணமான சுவர், இருக்கிறதா? இருந்தால் அது திரவத்துக்குள் இருக்கும் குமிழி. கண்ணாடியின் குமிழிக்கு அப்படிச் சுற்றுச் சுவர் கிடையாது. இரண்டாவது படம் பக்கவெளிச்சத்தில். அடியில் கறுப்புத் துணி, டோர்ச் கல்லின் ஓரத்திலிருந்து. இப்போது பின்னணி இருண்டு, பொந்தின் முகங்கள் வெள்ளியாக மின்னும். பட்டை தீட்டிய கல்லில் ஒரே குமிழி பல பட்டைகளில் பிரதிபலித்துக் கூட்டமாகத் தோன்றலாம். கல்லைச் சற்றே திருப்பினால் எல்லாம் ஒன்றாக அசையும், அப்போது புரிந்துவிடும். கூர்மை கிடைக்கும் ஆழம் மிகக் குறைவு என்பதால், போனை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக வீடியோ. குமிழி தெரியும் நிலையில் பதிவைத் தொடங்கி, கிண்ணத்தைச் சற்றுச் சாய்த்து, குமிழி பொந்துக்குள் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு கிண்ணத்தை வெயிலில் நகர்த்தி வைத்துக் காத்திருங்கள். குமிழி மறைந்து, நிழலுக்குக் கொண்டுவந்ததும் திரும்பினால், அந்த வீடியோ எந்தப் பேச்சையும்விடப் பலமானது. படத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுகோல் தெரியட்டும். கல்லின் கரட் நிறையையும் திகதியையும் எழுதி வையுங்கள். நிறத்தைக் கூட்டும் வடிகட்டி எதுவும் பாவிக்க வேண்டாம். பார்க்கிறவர் ஒரு படத்தில் ஒப்பனையைக் கண்டால் மற்றப் படங்களையும் நம்பமாட்டார்.

எல்லா நீலக்கல்லிலும் இந்தக் குமிழி இராது. இல்லாததால் ஒரு கல் போலி ஆகிவிடாது, சூடுகாட்டியது என்றும் ஆகிவிடாது. இருக்கும் குமிழியின் படமும் ஆய்வுகூட அறிக்கைக்கு ஈடாகாது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடம் போன்ற இடத்தில் சோதித்துப் பெறும் அறிக்கைதான் பெரிய வியாபாரத்தில் செல்லும். ஆனால் அந்த அறிக்கைக்குச் செலவு செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க இந்தப் படம் உதவும். தெருவில் ஒருவர் வில்லையை எடுத்துப் பார்த்து ஒற்றைச் சொல்லில் கழித்துவிடும்போது, "முதலாளி, இந்த வீடியோவையும் ஒருக்காப் பாருங்க" என்று சொல்ல உதவும். குழியில் இறங்கி, பெரணி இலை அடைத்த சுவருக்குள் சேற்றில் நின்று எடுத்தவருக்கு, தான் எடுத்தது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்த அறிவு வாங்குகிறவர் பக்கத்தில் மட்டும் இருந்தால், விலையும் அவர் பக்கத்தில்தான் நிற்கும்.

ஆகவே கல் கையில் இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். யார் என்ன சொன்னாலும், சூடுகாட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு குளிர்ந்த காலையில் அதை எண்ணெயில் இறக்கிப் பார்த்து, படமும் வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உலைக்குப் போய் வெடித்த பொந்தை மீண்டும் மூட எந்தத் தொழில்நுட்பமும் இல்லை.